ஞாயிற்றுக்கிழமை அளந்த ஈரம்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி லேபிலிருந்து மாரியம்மாள் போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள் அவள்தான்.

"சார், ஸ்டோர் ரூம ஒழிச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு பலகையில ரெண்டு தெர்மாமீட்டர் அடிச்சிருக்கு. ஒண்ணோட குண்டுல துணித்திரி சுத்தி, கீழ ஒரு சின்ன டப்பா. இது என்னது? குப்பையில போட்டுரவா?"

"போடு, போடு. அப்படியே என்னையும் சேத்துத் தூக்கிப் போட்டுரு" என்றேன்.

"கோவிக்காதிய சார். அதுல அப்படி என்ன இருக்குன்னு சொன்னாத்தானே தெரியும்?"

போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் காலத்தில் மூச்சு இழுப்பு என்று வந்தவரிடம் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினால் 'வீட்டுத் தூசு அலர்ஜி' என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூசு எந்த மெத்தையில் இருக்கிறது, ஏன் அந்த வீட்டில் மட்டும் இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படிப் போனவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம். கரிசல் காட்டில் பருத்தி போடுகிற குடும்பம். பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியன் படிப்பு, அப்புறம் இரண்டு வருஷம் அங்கே இங்கே சளியும் சிறுநீரும் பார்த்த அனுபவம். பிறகு சங்கரன்கோவிலில் கிரேஸ் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்துவிட்டது.

டாக்டரம்மா நெஞ்சு நோய் பார்ப்பவர். குள்ளமான உருவம், குரல் அதைவிடச் சின்னது. பேனாவால் எழுதவே மாட்டார், பென்சில்தான். "தப்புன்னா அழிக்கணும்லா முருகையா" என்பார். கோவிலில் இருந்து நேரே, பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணை நெஞ்சில் பூசிக்கொண்டு வருகிற நோயாளிகளும் உண்டு. அவர் கிறிஸ்தவர், ஆனால் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. "மண்ணு பாட்டுக்கு மண்ணு இருக்கட்டும், மாத்திரை பாட்டுக்கு மாத்திரை உள்ள போகட்டும்" என்று சிரிப்பார். என்னிடம் மட்டும் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. நான் எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஒரே கேள்விதான் வரும்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

பார்த்தேன் என்றால் வாங்கிக்கொள்வார். கொஞ்சம் தயங்கினாலும் காகிதம் என் கைக்கே திரும்பி வந்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இந்த அம்மாவுக்கு நம்மேல் என்ன சந்தேகம் என்று வீட்டில் போய்ப் பொருமுவேன்.

இழுப்போடு வருகிறவர்களின் வீட்டுத் தூசியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. தூசிக்குள் ஒரு பூச்சி இருக்கிறது. எட்டுக் கால், உண்ணி ஜாதி. எள்ளைப் பல துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற செதில்தான் அதற்குச் சோறு. அதனால்தான் நாம் படுக்கிற இடத்திலேயே அதுவும் குடியிருக்கிறது. அதன் எச்சமும், செத்தபிறகு உடம்பு நொறுங்கிய தூளும் மூச்சில் ஏறினால் சிலருக்குத் தும்மல், சிலருக்கு இழுப்பு.

சோறு கிடைத்தது சரி, தண்ணீர்? அங்கேதான் விசேஷம். அது தண்ணீரே குடிப்பதில்லை. காற்றில் இருக்கிற ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் அடுப்படி உப்பு ஜாடி தானாகக் கசிகிறதல்லவா, அதே வித்தைதான். காற்றில் ஈரம் நன்றாக இருந்து, நமக்கு இதமாக இருக்கிற அளவு சூடும் இருந்தால் அது பெருகும். காற்றின் ஈரம் பாதிக்கும் கீழே இறங்கி, பல நாள் அப்படியே நின்றால் காய்ந்து சாகும். கை வைக்க முடியாத வெந்நீரிலும் சாகும். சங்கரன்கோவில் வெயிலை எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன், அது பாதி வைத்தியம். இப்போது பாருங்கள், சித்திரை மாதத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் ஊற்றுகிற கூலரைப் போட்டுப் படுக்கிறார்கள். வெயில் செய்கிற வேலையைக் காசு கொடுத்துக் கெடுக்கிறார்கள், போங்கள்.

வீட்டுக்குப் போனால் செய்ய வேண்டிய முறையை டாக்டரம்மா எனக்கு எழுதியே கொடுத்திருந்தார். முதலில் அந்தப் பலகை. இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்று வெறும் குண்டு, இன்னொன்றில் நனைந்த திரி. காற்று காய்ந்திருந்தால் திரி வேகமாக உலரும், அந்தக் குண்டு குளிரும், இரண்டு அளவுக்கும் இடைவெளி விழும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். பலகையை வாசலில் மாட்டக் கூடாது. படுக்கிற அறையில், படுக்கிற உயரத்தில், கால் மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு தூசி. சின்ன வேக்குவம் கிளீனர் குழாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, மெத்தையில் அளந்த ஒரு சதுரத்தில் இரண்டு நிமிஷம் இழுக்க வேண்டும். லேபுக்கு வந்ததும் இதற்கு மேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் தூசியைக் கலக்கினால் மண் கீழே போகும், பூச்சி மேலே மிதக்கும். எடுத்துச் சாயம் போட்டு, ஸ்லைடில் வைத்து எண்ண வேண்டும். கடைசியாக ஒரு விதி, அடிக்கோடு போட்டது: 'இரண்டு நாள். ஒரு வேலை நாள், ஒரு ஓய்வு நாள்.'

பல வருஷம் இப்படியே ஓடியது. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் மலையடிவாரத்துக் குளக்கரை வீடுகளில் வருஷம் முழுக்கப் பூச்சி இருக்கும். எங்கள் திருவேங்கடத்துக் கரிசல்காட்டு வீடுகளில் பங்குனி பிறந்தால் ஸ்லைடில் உயிரோடு ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா இடத்திலும் ஏறும், மாசிக்கு மேல் இறங்கும். ஒன்றை மட்டும் கவனித்தோம். பூச்சி செத்த உடனே நோயாளிக்கு இழுப்பு நிற்காது, தள்ளித்தான் நிற்கும். பூச்சி செத்தாலும் எச்சம் மெத்தையிலேதானே கிடக்கிறது. வெயிலில் போட்டால் மட்டும் போதாது, வீட்டுக்கு வெளியே வைத்து அடித்து உதற வேண்டும், துவைக்க வேண்டும். அதையும் இழுப்புக்காரர் செய்யக் கூடாது, வேறு ஆள் செய்ய வேண்டும்.

முத்துலட்சுமி வந்தது ஒரு பங்குனி மாதம். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். முப்பத்தைந்து வயது. அவளும் புருஷன் சண்முகவேலும் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் மூன்று விசைத்தறி ஓட்டினார்கள். எல்லோருக்கும் இழுப்பு அடங்குகிற மாதத்தில் அவளுக்கு ஏறியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாள்.

"டாக்டரம்மா... தறியில நிக்கும்போதுகூட... தாங்குது. படுத்தாத்தான்... கொல்லுது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பஞ்சுத் தூசியா, மெத்தைத் தூசியான்னு தெரியணும். பஞ்சுன்னா தறிய விடணும். மெத்தைன்னா தறிய விட வேண்டாம். அந்த ரிப்போர்ட்ல அவங்க பொழப்பு இருக்கு, முருகையா."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கும் புரிந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்று தறிக்கு லீவு. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது, வீடு கழுவித் துடைத்து மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. படுக்கிற அறையில் ஒரு கோரைப்பாய், மேலே வெளுத்த விரிப்பு. பலகையை மாட்டினேன். இரண்டு குண்டுக்கும் நல்ல இடைவெளி. பாயில் தூசி இழுத்தேன். முத்துலட்சுமி காப்பி கொடுத்தாள். நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் போகவில்லை. என் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று ஜவுளி எடுக்கக் கிளம்பினோம், கடையிலேயே பொழுது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த தூசியில், ஸ்லைடில் ஒரு பூச்சிகூட இல்லை, காற்றும் காய்ந்து கிடக்கிறது, இன்னொரு தரம் போய் என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கட்டத்தில் முதல் நாள் அளவையே கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதிக் கொடுத்தேன்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"பாத்தேம்மா."

இத்தனை வருஷ வேலையில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் முத்துலட்சுமியையும் சண்முகவேலையும் உட்கார வைத்து, படுக்கையில் பூச்சி இல்லை, அப்படியானால் பஞ்சுதான் என்று சொல்லி, தறி வேலையை விட்டுவிடச் சொன்னார். சண்முகவேல் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

மூன்று வாரம் கழித்து, கல்யாணத்துக்குத் துண்டு வாங்க நான் அதே தெருவுக்குப் போனேன். வேலை நாள். தெரு முழுக்கத் தறிச் சத்தம் காதை அடைத்தது. சண்முகவேல் வீட்டுக் கொட்டகையிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் எல்லாம் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தான். தரையில் தண்ணீர் தெளித்திருந்ததில் கால் வழுக்கியது. வெளியே பங்குனி போய்ச் சித்திரை வெயில் கொளுத்துகிறது, உள்ளே போனால் சட்டை முதுகில் ஒட்டுகிறது.

"இது என்னத்துக்குவே ஈரச் சாக்கு?" என்று கத்திக் கேட்டேன்.

சண்முகவேல் தறியை நிறுத்திவிட்டு வந்தான். "என்ன அண்ணாச்சி, இது தெரியாதா? காத்து காஞ்சா பாவு நூலு அந்து அந்து போவும்லா. ஈரம் இருந்தாத்தான் நூலு நிக்கும். லீவு அன்னைக்குத்தான் சாக்கக் கழட்டுவோம்."

பருத்தி விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அது நூலான பிறகு என்ன பாடுபடும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கொட்டகைக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் வெறும் வாசல்தான், கதவு இல்லை. அந்த ஈரம் முழுக்க வாரத்தில் ஆறு நாள் உள்ளே போகிறது. அறைக்குள் பார்த்தால் தரையில் கோரைப்பாய் இல்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தை கிடந்தது, நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் பஞ்சு பிதுங்கிக்கொண்டு.

"இது எங்க இருந்துச்சும்மா? அன்னைக்கு நான் பாத்தது பாயிதானே?"

முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து ஆளு வாரீயன்னு... இந்தச் சவத்த எப்படிக் காட்ட? பக்கத்து வீட்டுல புதுப் பாயி வாங்கி விரிச்சேன். மெத்தய அவங்க வீட்டுல போட்டுட்டேன்."

அவளை நான் என்ன சொல்ல? வீட்டுக்கு ஆள் வந்தால் நல்லதை விரிக்கிறவர்கள்தானே நாமெல்லாம். இரண்டாம் நாள் வந்திருந்தால் ஈரச் சாக்கைப் பார்த்திருப்பேன். சாக்கைப் பார்த்திருந்தால் மெத்தையையும் கேட்டிருப்பேன். கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தேன். இரண்டு தறிதான் நின்றது. மூன்றாவது நின்ற இடத்தில் தரையில் நான்கு போல்ட் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"முந்தாநாள் லாரியில ஏத்துனாங்க. மத்த ரெண்டும் அடுத்த வாரம்" என்றான் சண்முகவேல்.

துண்டு வாங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா தனியாக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் நாள் போகவில்லை, அளவை நானே எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் பென்சிலை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, இரண்டு பேரும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் உங்க பேப்பர நம்புனேன். அவங்க என்னைய நம்பி வித்துட்டாங்க" என்றார். அப்புறம், "ஆட்டோ கூப்பிடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டர் நோயாளி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"தப்பு என்னோடது. சரியா விசாரிக்காமச் சொல்லிட்டேன். மிச்சத் தறிய விக்காதீங்க."

சண்முகவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? "ஒரு தறிய இழந்துட்டு நிக்கோம். இப்ப இப்படிச் சொல்லுதிய. இதுவும் தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா அதுவும் என் தலையில."

நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வாயைத் திறந்து, தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. தரையில் தெளித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கம் பிடுங்குகிறது.

அன்றே வேலை தொடங்கியது. மெத்தையில் தூசி இழுத்துக்கொண்டு அதை எரித்தோம்; ஸ்லைடில் பூச்சி நிறைந்து கிடந்தது. மொட்டைமாடியில் சாமான் போட்டு வைத்திருந்த தகரம் வேய்ந்த அறையை ஒழித்துப் படுக்கையை மேலே கொண்டுபோனோம். பகலில் அந்த அறை சுட்டுப் பொசுக்கும், பொழுது சாய்ந்தால் ஆறிவிடும், காற்று எப்போதும் காய்ந்திருக்கும். கீழே கொட்டகையில் ஈரம் நூலுக்கு, மேலே வறட்சி மூச்சுக்கு. நடுவில் படிக்கட்டுக்குக் கதவு. நூலுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவிலேயே வாரம் ஒருதரம் விரிப்பையும் தலையணை உறையையும் கொதிக்கவிட்டுத் துவைத்தான் சண்முகவேல். அவளைத் தொட விடவில்லை. தறியில் நிற்கும்போது அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டாள்.

உடனே குணமாகிவிடவில்லை. வைகாசியிலும் இழுத்தது, ஆனியிலும் இழுத்தது. சண்முகவேல் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாதாமாதம் நான் போய்த் தூசி எடுத்தேன், இரண்டு நாள், ஒரு நாளும் தவறாமல். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் அவள் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்காமல், "காப்பி போடட்டுமா அண்ணாச்சி" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

டாக்டரம்மா போன வருஷம் காலமானார். அடக்கத்துக்கு முத்துலட்சுமியும் வந்திருந்தாள், இப்போது அவள் தலையும் நரைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் என் வாய் தானாகத் திறந்தது. "அன்னைக்கு டாக்டரம்மா தப்பு என்னோடதுன்னு சொன்னாங்கள்ல. அவங்க தப்பு இல்லம்மா. ரெண்டாம் நாள் நான் வரவே இல்ல. வந்ததா எழுதிக் குடுத்தேன்."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்க வருவியன்னு மறுநாளும் அந்தப் பாயத் திருப்பிக் குடுக்காம வச்சிருந்தேன். நீங்க வரல. எனக்குத் தெரியாதா? நானும் பாய மாத்துனவதானே, எந்த வாயால பேச?"

கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் அவள் நின்றாள்.

"அந்தத் தறி எங்க அம்மா நகைய வித்து வாங்குனது. லாரியில ஏத்துன அன்னைக்கு நான் அழல. எல்லாரும் கல்நெஞ்சுக்காரின்னாங்க. அந்த வருசம் கார்த்திகையில அடை மழை. எனக்கு இழுக்கல. மூணு நாள் பாத்தேன், இழுக்கவே இல்ல. அப்பத்தான் உக்காந்து, போன தறிக்கு அழுதேன் அண்ணாச்சி. அழுறதுக்கும் மூச்சு வேணும்லா."